நாயின் இதயத்தில் ஒரு பட்டு நூல்

1947ஆம் ஆண்டு. நியூயோர்க், கொலம்பியா பல்கலைக்கழகம். ஆதர் வூர்ஹீஸ் என்ற இளம் வைத்தியர், ஆய்வுக்கூட நாயொன்றின் இதய அறைக்குள் இடம் தவறிப் போடப்பட்டிருந்த ஒரு பட்டுத் தையல் நூலைக் காண்கிறார். நூலைச் சுற்றிப் பளபளப்பான மெல்லிய படலம் படர்ந்திருந்தது. அப்படியானால் துணியில் குழாய் செய்து பொருத்தினாலும் உடல் அதற்கு உட்படலம் போட்டுக்கொள்ளும் அல்லவா?

வினியோன் என்ற செயற்கைத் துணியில் குழாய் தைத்து நாய்களின் பெருநாடியில் பொருத்திப் பார்த்தார்கள். 1952இல் முடிவுகள் வெளியாகின. இன்று பெருநாடிக்குப் பயன்படும் செயற்கைக் குழாய்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் 6 மில்லிமீற்றரை விடக் குறுகிய குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துவிடும். இன்னொரு விடயத்தையும் நாம் கவனிக்க வேண்டும். நாயில் அந்த உட்படலம் நன்றாகவே படரும். மனிதனில் அது தையலிலிருந்து ஓரிரு சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். நாயில் கிடைத்த வெற்றியை மனிதனின் வெற்றியாக எடுத்துக்கொள்ள முடியாது.

துணியை விட்டு, உயிருள்ள கலங்களிலிருந்தே குழாயை வளர்க்கும் முயற்சி அடுத்து வந்தது. 1986இல் வைன்பேர்க்கும் பெல்லும் கொலாஜனையும் கலங்களையும் கொண்டு ஒன்றை உருவாக்கினார்கள். அதற்கு வலு போதவில்லை. செயற்கை வலை கொண்டு தாங்க வேண்டியிருந்தது. 1999இல் லோரா நிக்லசன் குழுவினர் விலங்குகளின் கலங்களை எடுத்து, இதயத் துடிப்பைப் போன்ற அழுத்தம் கொடுத்து எட்டு வாரங்கள் வளர்த்தார்கள். எமது சாதாரண இரத்த அழுத்தம் 120 மி.மீ. இரசம். அந்தக் குழாய்களோ 2,000ஐத் தாண்டியும் வெடிக்கவில்லை. பன்றிகளில் பொருத்தியபோது சில வாரங்கள் இரத்தமும் ஓடியது.

ஆனால் காயப்பட்டு வரும் நோயாளியால் எட்டு வாரம் காத்திருக்க முடியுமா? ஆகவே மனிதக் கலங்களால் குழாயை வளர்த்து, பின்பு கலங்களைக் கழுவி அகற்றி, கொலாஜன் சட்டகத்தை மட்டும் குளிரூட்டியில் வைக்கும் முறை வந்தது. கலங்கள் இல்லாததால் உடல் அதை அந்நியமாக எதிர்ப்பதும் குறைவு. 2011இல் வெளியான ஆய்வில் இதனைப் பபூன் குரங்குகளில் ஆறு மாதங்கள் வரை சோதித்தார்கள். அடுத்த ஆண்டு போலந்தில் முதலாவது டயலிசிஸ் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

2024 டிசம்பரில், கை கால்களின் நாடி சிதைந்து, சொந்த நாளத்தை எடுத்துப் பொருத்தவும் வழியில்லாத நோயாளிகளுக்காக அமெரிக்கா இதனை அங்கீகரித்தது. குழாய் கிழிந்து உயிராபத்தான இரத்தப்போக்கு ஏற்படலாம் என்ற கடும் எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது.

பட்டு நூலிலிருந்து அங்கீகாரம் வரை 77 ஆண்டுகள். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் செய்தி வரும்போது, எந்த விலங்கில், எத்தனை நாட்கள், எந்த அளவுக் குழாயில் என்று கேட்க எமது பிள்ளைகளைப் பழக்குவோம். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவர்கள் வீட்டில் இருந்தால் இதை வாசிக்கக் கொடுங்கள்.