படச்சட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும்: பெங்களூரிலிருந்து தமிழகம் போன ஒரு காமிரா

மதுரைக்குப் போகும்போதெல்லாம் விளக்குத்தூணைப் படமெடுக்க முயன்று தோற்றவன் நான். துணிக்கடைப் பலகை, ஆட்டோ, மின்கம்பி, பையும் கையுமாகப் போகிற கூட்டம், இத்தனைக்கும் நடுவே தூண் எங்கே என்று தேடவேண்டும். "என்னங்க, தூணை எடுக்கப் போய் தெருவை எடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்று வீட்டில் கேலி வேறு.

அதே தூணை 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருவர் படமெடுத்தார். அப்படத்தில் தூண்தான் பொருள். பார்ப்பவர் கண் வேறெதையும் தேடிப் போவதில்லை. எடுத்தவர் நம் பெங்களூரிலிருந்து புறப்பட்டுப் போனவர் என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

லின்னேயஸ் டிரைப் 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர்; கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. விடுப்பில் தாய்நாடு சென்றபோது புகைப்படக் கலை பயின்று, 1854இல் பெங்களூர்க் கண்டோன்மென்ட்டுக்குத் திரும்பினார். 1809இல் அமைந்த அந்தத் தண்டு, சென்னைப் படையோடு நம்மவர் பலர் வந்து குடியேறிய இடம் என்பதை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமாக்கினார். 1855இல் தூதுக்குழுவோடு பர்மா சென்றார். பர்மாப் படங்கள் 120 கொண்ட தொகுப்புகள் ஐம்பது, ஆக 6,000 பிரதிகள், இந்த ஊரில்தான் அச்சாயின. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றார். 1857 இறுதியில் பெங்களூரிலிருந்து கிளம்பி, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, திருமயம், மதுரை, தஞ்சை என்று சுற்றினார். ஓசூர்ப் பக்கத்து இராயக்கோட்டையும் அவர் படங்களில் உண்டு.

இன்று நாம் பத்துப் படம் எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு, ஓரங்களை வெட்டிச் சரிசெய்கிறோம். டிரைப்புக்கு அந்த வசதி இல்லை. அக்காலத்தில் நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவுதான். ஆகவே பெரிய காமிரா. அதற்குள் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஒளி பதிய நிமிடக்கணக்கில் காத்திருக்கவேண்டும். எதை உள்ளே வைப்பது, எதை விடுவது என்பதை லென்ஸின் மூடியைத் திறக்குமுன்பே முடிவுசெய்தாகவேண்டும்.

அம்முடிவை அவர் எப்படி எடுத்தார் என்பதற்கு ஆனைமலை ஒரு நல்ல சான்று. மதுரைக்காரர்களைக் கேட்டால், யானை படுத்திருப்பதுபோல் நீளவாட்டில் தெரியும் மலை என்பார்கள். டிரைப் அதன் முனைப்பக்கமாகப் போய் நின்று எடுத்த படம் ஒன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால் நீண்ட மலை சுருங்கி, சமவெளியில் தனித்து எழுந்த ஒற்றைப் பாறையாகிவிடுகிறது. மலை அதேதான்; நின்ற இடம் மாறியது, அவ்வளவே.

ஒற்றைப் பொருளுக்கு வெற்றிடமும் வேண்டும். நிமிடக்கணக்கில் ஒளி பதியும்போது நடமாடுகிற ஆட்கள் படத்தில் விழமாட்டார்கள். கோயில் தாழ்வாரங்கள் ஆளரவமற்றுக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வானமோ காகித நெகட்டிவில் சரியாகப் பதியாது. எனவே நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி, மேகங்களைத் தம் கையாலேயே சேர்த்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இந்த ஒற்றைச் சட்டம் போதவில்லை. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் எப்படி அடக்குவது? அடக்கினால் எழுத்து தெரியாது; எழுத்து தெரிய நெருங்கினால் வரி முடியாது. காமிராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். அக்கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்று கல்வெட்டுகளைப் படித்து ஹூல்ஷ் நிறுவியது 1886க்குப் பிறகுதான். ஏறத்தாழ முப்பதாண்டு முன்பே, கட்டியவன் யாரென்று ஆய்வுலகம் அறியாத காலத்தில், அக்கல்வெட்டு படமாகிவிட்டது! இவ்வளவு செய்தும், 1859இல் ஆளுநர் டிரெவெல்யன் இதை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்தச் சொன்னார். 1860இல் நிலையம் மூடப்பட்டது.

இவ்வேலையில் டிரைப்புக்கு உதவியாளராக இருந்தவர் ஒரு தமிழர். சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் பயின்ற அவர் பெயரை ஆங்கில ஏடுகள் சி. ஐயாசாமி என்கிற ஓசையில் எழுதி வைத்துள்ளன. நம் ஊர்ப் பேச்சில் அய்யாசாமி. பின்னாளில் அவரும் புகைப்படக்காரராகவே பணிபுரிந்தார். டிரைப்பின் பெயரைச் சொல்லும் நம்மில் எத்தனை பேர் இவர் பெயரைச் சொல்கிறோம்? சட்டத்துக்குள் பொருள் தனித்து நிற்க, மற்றவையெல்லாம் வெளியே போகவேண்டும். அது கலையின் நியதி. வரலாறும் அப்படியே செய்யலாமா?

எங்கள் வீட்டில் ஒரு பழைய படம் இருக்கிறது. தண்டில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் வெற்றுத் திரை. நடுவே நாற்காலியில் ஒரு பெண்மணி மட்டும். மிக நேர்த்தியான படம். "யாருப்பா இது?" என்று பேத்தி கேட்டபோது பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை. இம்மலரைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டுப் படங்களை எடுத்து ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். எடுத்தவர் பெயர் தெரிந்தால் அதையும்.