டிராக்டர், டிரையம்ப், ஸ்டாண்டர்ட் 2000: சூடாகும் ஓர் எஞ்சினின் கதை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், பானெட்டைத் தூக்கிவிட்டு ஆவி பறக்க நிற்கும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். எட்டிப் பார்ப்பவர் யாராவது உடனே தீர்ப்பு சொல்வார்: "வால்வைக் கழட்டிப் போடுங்க சார், அப்புறம் சூடே ஆகாது." அவர் சொல்லும் வால்வு, தெர்மோஸ்டாட். பல கார்களில் இந்த வைத்தியம் ஓரளவு ஓடும். ஆனால் ஒரு எஞ்சின் குடும்பத்தில் இந்த வைத்தியமே வியாதி. அதற்கு நம்ம சென்னையோடு தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் தோண்டினேன்.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1947-ல் வான்கார்ட் காரை அறிவித்தது. அதன் நாலு சிலிண்டர் எஞ்சின் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் போனது. 1953-ல் அதையே 1991 சிசி-யாகக் குறைத்து, இரண்டு கார்புரேட்டர் மாட்டி, டிரையம்ப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். 2 லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் வரத்தான் அந்தக் குறைப்பு. அதே வருஷம் மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக்கே சாலையில் அந்தக் கார் மணிக்கு சுமார் 200 கி.மீ. தொட்டது. வயலில் 30 குதிரைத்திறனுக்குள் உழுத எஞ்சின், ரோட்டில் 90 கொடுத்தது.

இந்தக் கதை 1985-ல் சென்னைக்கு வருகிறது. ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில், 1976-ல் வந்த ரோவர் எஸ்டி1 உடம்புக்குள் இந்தப் பழைய குடும்பத்து 1991 சிசி எஞ்சினை வைத்தார்கள். வெளியே எழுபதுகள், உள்ளே நாற்பதுகள். கார் நிலைக்கவில்லை.

சரி, இந்தக் குடும்பம் ஏன் சூடாகிறது? டிஆர் கார்களை வைத்துச் சொல்கிறேன். இதில் சிலிண்டர்கள் தனித்தனிக் குழாய்கள். 'வெட் லைனர்' என்பார்கள். சுற்றி நேரடியாகத் தண்ணீர். தேய்ந்தால் பிடுங்கிவிட்டுப் புதுசு போடலாம், ரீபோர் செலவில்லை. ஆனால் லைனரின் அடியில் துருவும் உப்பும் சேறாகப் படியும். போர் தண்ணீரையே ஊற்றும் நம்ம ஊரில் இது இன்னும் வேகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக்காரர் கிண்டுவதை ஒரு நிமிஷம் நிறுத்தினால் என்ன ஆகும்? அடிப்பிடிக்கும். இங்கேயும் அதேதான்: தண்ணீர் ஓடாத இடத்தில் சூடு தேங்கும்.

அடுத்தது அந்த வால்வு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் குழாய் வழியாக உள்ளேயே சுற்றும். சூடானதும் பழைய தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறக்கும். கூடவே அதில் இருக்கும் ஒரு வளையம் நகர்ந்து பைபாஸை மூடும். ஒரே பொருள், இரண்டு வேலை. கழட்டி எறிந்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வரும். பின்னாளில் வந்த வளையமில்லாத தெர்மோஸ்டாட் போட்டாலும் இதே கதைதான். சாப்ட்வேரில் 'இந்த வரி எதுக்குன்னே தெரியல' என்று நீக்கிவிட்டு மாட்டிக்கொள்வோமே, அது மாதிரி.

அதனால் தேடும் வரிசை முக்கியம். டிராஃபிக்கில் மட்டும் சூடானால் ஃபேன், பெல்ட், காற்று வழி. வேகமாகப் போகும்போது மட்டும் என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் ஓட்டம். டைமிங் பின்தங்கியிருந்தாலும் சூடாகும். மூடியின் பிரஷரைப் பார்க்க வேண்டும். ஒரு பிஎஸ்ஐ கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி ஏறும். பிறகு, எஞ்சின் நன்றாக ஆறிய பின், பிளாக்கின் பக்கத்திலுள்ள டிரெயின் டேப்பைத் திறங்கள். தண்ணீர் வரவில்லையா? கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். செம்மண் குழம்பு மாதிரி வந்தால் விடை கிடைத்துவிட்டது. இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஹெட்டில் கை வைக்க வேண்டும். ஹெட்டைக் கழட்டினால் லைனர்கள் நகரக்கூடும். அடி கேஸ்கெட் விட்டுத் தண்ணீர் ஆயிலில் கலந்தால் செலவு பல மடங்கு.

ஸ்டாண்டர்ட் 2000 இன்று அரிதாகிவிட்டது. 'எஞ்சின் சரியில்லை' என்ற ஒரே வார்த்தையில் மிச்சமிருப்பதும் காயலான் கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் சொந்தக்காரர் ஷெட்டில் ஒன்று நின்றால், விலை பேசும் முன் அந்த டேப்பை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.