வீணாய்ப் போன ஃபிலிம்

மௌனப் படக் காலத்துக் குறும் நகைச்சுவைகள் யோசிக்காமல் எடுக்கப்பட்டவை, விழுவதும் உதைப்பதும் துரத்துவதும் தவிர அவற்றில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மாக் சென்னட் 1912-ல் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனத்தைப் பொறுத்தவரை இது முழுப் பொய்யும் அல்ல. வாரத்துக்கு 150 டாலர் சம்பளத்தில் அங்கே சேர்ந்த சாப்ளின், 1914 என்ற ஒரே ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அவ்வளவு வேகத்தில் ஒரு சிரிப்பைச் செதுக்க நேரம் ஏது? அந்தக் கலை முதிர்ந்தது ஃபிலிமைத் தாராளமாக வீணாக்கும் வசதி வந்த பிறகுதான் என்பது என் கட்சி. 1916-ல் ம்யூச்சுவல் நிறுவனம் அவருக்கு வாரம் 10,000 டாலர் கொடுத்தது. அதைவிடப் பெரிதாக, ஒத்திகையையே படம்பிடித்துப் பார்க்கும் சுதந்திரத்தையும் கொடுத்தது. அப்போது கழித்துப்போட்ட சுருள்கள் பல தப்பிப் பிழைத்தன. கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 1983-ல் அவற்றை ஆவணத் தொடராக்கினார்கள். 1917-ல் வந்த 'தி இமிக்ரன்ட்' முதலில் உணவுவிடுதிக் கதையாகத்தான் தொடங்கியது என்று அந்தச் சுருள்கள் காட்டுகின்றன. நாயகனும் நாயகியும் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விக்கு விடையாகத்தான் கப்பல் காட்சி பிறகு சேர்ந்தது. சர்வர் வேடத்துக்கும் ஆள் மாற்றினார்கள். மலைபோன்ற எரிக் கேம்ப்பெல் வந்து நின்றதும்தான் கையில் காசில்லாதவனின் பயம் நமக்கும் தொற்றுகிறது. படத்தின் தொடக்கமே கடைசியில் கிடைத்திருக்கிறது!

அவசரத்திலும் அற்புதம் பிறக்கவில்லையா என்று கேட்கலாம். நாடோடி வேடத்தில் சாப்ளினை மக்கள் முதன்முதலாகத் திரையில் கண்டது, வெனிஸ் கடற்கரையில் நிஜமாக நடந்த சிறுவர் கார் பந்தயத்துக்கு நடுவே எடுத்த ஒரு துண்டுப் படத்தில்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அவசரம் தந்தது தொப்பியும் தடியும் தொளதொள காற்சட்டையும். அவற்றுக்குள் ஒரு மனிதன் வந்து சேர மேலும் இரண்டு ஆண்டுகள் பிடித்தன. மூன்றே ஆண்டுகளில் 19 குறும்படங்களைத் தந்த பஸ்டர் கீட்டனைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அவரும் தன் பெயரில் முதலில் எடுத்த 'தி ஹை சைன்' பிடிக்காமல் அதை ஓரங்கட்டிவிட்டு, 1920-ல் 'ஒன் வீக்'கைத்தான் முதலில் வெளியிட்டார். கீஸ்டோனில் அப்படி ஒரு படத்தைப் பெட்டியில் பூட்டிவைக்க யார் விட்டிருப்பார்கள்?

ம்யூச்சுவல் ஒப்பந்தப்படி மாதம் ஒரு படம், ஓராண்டில் பன்னிரண்டு. முதல் படம் 1916 மே மாதம் வந்தது. பன்னிரண்டாவது வந்தபோது 1917 அக்டோபர் ஆகியிருந்தது.