75 வாட் கோடு

போன ஆவணியில் மாமல்லபுரத்திலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். ஐந்து ரதம் போகிற வழியில் சிற்பப் பட்டறை வைத்திருப்பவர்.

"சார், பொண்ணு கம்ப்யூட்டர்லயே சிலை செஞ்சு பாக்கணும்ங்குறா. எட்டாயிரத்துக்கு ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தேன். அந்த சாஃப்ட்வேரே திறக்க மாட்டேங்குது. ஏமாந்துட்டமா?"

ஏமாறவில்லை. செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். 2012இல் வெளிவந்த ஐ5-3470 பிராசசர், 8 ஜிபி ராம், புத்தக அலமாரியில் படுக்க வைக்கலாம் போன்ற சின்னப் பெட்டி. ஓடாத மென்பொருள் பிளெண்டர். 2002இல் உலகம் முழுக்க ஆர்வலர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட முப்பரிமாண மென்பொருள். 2023 நவம்பரில் வந்த அதன் 4.0 பதிப்புக்கு ஓபன்ஜிஎல் 4.3 வேண்டும். அந்தப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் எச்டி 2500 விண்டோஸில் 4.0 வரைதான் போகும். அவ்வளவுதான் சங்கதி.

முதலில் காசில்லாத வைத்தியம். பிளெண்டரின் பழைய 3.6 பதிப்பைப் போட்டேன், திறந்தது. ஆனால் அந்தப் பெண் களிமண்ணைப் பிசைவதுபோல ஒரு நந்தியை உருட்ட ஆரம்பித்ததும் திரை திக்கித் திக்கி நின்றது. "அங்கிள், கிராபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடுமா?" என்றாள்.

சரியாகும். ஆனால் எந்தக் கார்டு? நான் முதலில் பார்த்தது கார்டின் பெயரை அல்ல, பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை. 240 வாட் எஸ்எம்பிஎஸ். ஏன் அதை முதலில் பார்த்தேன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

வல்லம் படங்கள் போன கதை

2008 வாக்கில் வீட்டில் ஒரு அசெம்பிள்டு கணினி வைத்திருந்தேன். அதில் பெரிய கார்டு ஒன்றை வாங்கி மாட்டினேன். கல்வெட்டு ஆராய்ச்சிக்கெல்லாம் இல்லை, கேம் விளையாடத்தான். கார்டுக்குத் தனியாக ஆறு முனை மின்இணைப்பு தேவைப்பட்டது. என் எஸ்எம்பிஎஸ்ஸில் அது இல்லை. கடைக்காரர் ஹார்டுடிஸ்க் ஒயரிலிருந்து மாற்றிக்கொள்ள ஒரு அடாப்டர் கொடுத்தார். எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. விலை என்னவோ ஐநூறு ரூபாய்க்குள்!

மூன்றாம் வாரம் ஒரு கருகல் வாசனை. எஸ்எம்பிஎஸ் போனது, போகும்போது ஹார்டுடிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில், மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையை இரண்டு வருஷமாக வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. நகல் எடுத்து வைக்காதது என் தப்பு. ஆனால் அன்றிலிருந்து வாட் கணக்கு பார்க்காமல் எதையும் மாட்டுவதில்லை.

கோடு எப்படி வந்தது?

கிராபிக்ஸ் கார்டு எப்போதுமே இவ்வளவு மின்சாரம் குடித்ததில்லை. 1992இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ ஸ்லாட்டில் ஒரு கார்டுக்கான உச்சவரம்பு 25 வாட். அன்றைய கார்டுகளுக்கு அதுவே தாராளம். தொண்ணூறுகளின் பின்பாதியில் முப்பரிமாண விளையாட்டுகள் வந்தன, கார்டுக்கென்றே தனியாக ஏஜிபி ஸ்லாட் வந்தது. 2000இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 5 5500 ஸ்லாட்டில் கிடைத்தது போதாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக ஒரு ஒயர் கேட்டது.

2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்டுகள் கடைக்கு வந்தபோது கணக்கைத் திருத்தி எழுதினார்கள். கார்டு மாட்டும் நீளமான ஸ்லாட்டிலிருந்து அதிகபட்சம் 75 வாட். 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர், ஏறக்குறைய 10 வாட். மொத்தத்தை 75இல் நிறுத்தினார்கள். அதற்கு மேல் வேண்டுமா, தனி ஒயர் போடு: ஆறு முனைக்கு இன்னொரு 75, எட்டு முனைக்கு 150.

இந்தக் கோட்டுக்குப் பிறகு கார்டுகளின் வரலாறு இரண்டாகப் பிரிகிறது. கோட்டுக்கு மேலே போனவை 2022இல் 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 வரை போய்விட்டன. விளம்பரமெல்லாம் அவற்றுக்குத்தான். கோட்டுக்குக் கீழே சத்தமில்லாமல் இன்னொரு வரிசை வளர்ந்தது. தனி ஒயர் வேண்டாம், பெரிய எஸ்எம்பிஎஸ் வேண்டாம், ஸ்லாட்டில் செருகினால் போதும். அதில் திருப்புமுனை 2014 பிப்ரவரியில் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ. என்விடியா தன் புதிய மேக்ஸ்வெல் வடிவமைப்பை முதலில் இறக்கியது இந்த 60 வாட் சின்னக் கார்டில்தான்.

கல்பாக்கத்துப் பக்கத்தில் மின்வெட்டு

வாட் கணக்கு நம்ம ஊரில் வெறும் எஸ்எம்பிஎஸ் கணக்கு மட்டும் இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையோடு போனால் கல்பாக்கம். அங்கே முதல் அணு உலை 1984 ஜனவரியிலும் இரண்டாவது 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அப்படியும் 2012இல் சென்னைக்கு வெளியே நாங்கள் எத்தனை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்தோம் என்பது அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் பட்டறைப் பக்கம் கரண்ட் திடீரென்று போகும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 84 வாட்-மணிதான் இருக்கிறது. கைக்கு வருவது அதைவிடக் குறைவு. 300 வாட் இழுக்கும் கணினியில் கோப்பைச் சேமிக்கவே பதறவேண்டும். 150 வாட் இழுத்தால் நிதானமாகச் சேமித்து அணைக்கலாம்.

அப்புறம் பில். 150 வாட் வித்தியாசம், தினம் ஆறு மணி நேரம், அறுபது நாள் என்றால் 54 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசமே தின்றுவிடும்.

எது, ஏன்?

பெட்டி சின்னது என்பதால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் உள்ளே போகும். பிராசசருக்கு 77 வாட், கார்டுக்கு 75, மற்றதெல்லாம் சேர்த்து 40 என்றாலும் 240க்குள் அடங்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: சில சின்னப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கே 75க்குக் குறைவான வரம்பு வைத்திருப்பார்கள். அது கணினியின் கையேட்டில் இருக்கும். பார்க்காமல் வாங்காதீர்கள். எங்கள் பெட்டிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஜிடி 1030: 30 வாட், மலிவு. ஆனால் 2 ஜிபி நினைவகம்தான். இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 போட்ட இன்னொன்று வந்தது. முதலாவதில் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 16.8. அட்டைப்பெட்டியில் இரண்டும் ஜிடி 1030தான்! பெயரை மட்டும் படித்து வாங்குகிறவருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

ஆர்எக்ஸ் 6400: 2022இல் வந்தது, 53 வாட். ஆனால் நான்கே லேன்களில் பேசுவது, அதுவும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டை எதிர்பார்ப்பது. பழைய போர்டில் அந்தப் பாதை பாதியாகிவிடும்.

இன்டெல் ஆர்க் ஏ380: ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத போர்டில் ரொம்பத் தடுமாறும். 2012 போர்டில் அது கிடையாது.

ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை: 2024இல் வந்தது, 70 வாட். நல்ல கார்டு, ஆனால் கணினியின் விலையைப் போல இரண்டு மடங்கு.

மிஞ்சியது 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 75 வாட், 4 ஜிபி, ஓபன்ஜிஎல் 4.6. வயசான கார்டுதான். இதற்கான புது டிரைவர்களை என்விடியா 2025இல் நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்தது. ஐயாயிரத்து ஐநூறுக்கு அது போதும் என்று முடிவு செய்தோம்.

செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி ரிச்சி தெருவுக்கு மூன்று பேரும் போனோம். நான்காவது கடையில் பழைய லோ புரொஃபைல் கார்டு கிடைத்தது. ஓட்டிக் காட்டச் சொல்லி, அரை மணி நேரம் விசிறிச் சத்தமும் சூடும் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். கடலோர ஊருக்குப் போகிற சாமான் என்பதால் தங்கமுலாம் பூசிய முனையில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்த்தேன். உப்புக்காற்றுக்கு இதெல்லாம் ஒரு வாய். வீட்டில் பெட்டியைத் தரையில் வைக்காமல், ஜன்னலிலிருந்து தள்ளி மேஜைமேல் வைக்கச் சொன்னேன்.

மாட்டி ஓட்டியபோது பிளக் மீட்டரில் பார்த்த உச்சம் 140 வாட். பிளெண்டர் 4 திறந்தது. நந்தி திக்கவில்லை.

அன்று சாயங்காலம் சிற்பியோடு ஐந்து ரதம் வரை நடந்தேன். தெற்கே தர்மராஜ ரதம் உயரம், வடக்கே போகப்போகக் குறைந்து திரௌபதி ரதம் சின்னது. நான்கும் ஒரே பாறையில் வெட்டியவை, பாறை அப்படித்தான் சரிந்து கிடந்தது. "கல்லைப் பாத்துட்டுத்தான் சார் சிலையை யோசிக்கணும். நீங்க பொட்டியைப் பாத்துட்டு கார்டை யோசிச்சீங்க" என்றார்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அப்பா எடுத்து வைத்திருந்த கல்லின் அளவுக்குத் திரையில் ஒரு பெட்டி, அதற்குள் நந்தி. வலது கொம்பு பெட்டியைத் தாண்டி நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வரி: "அங்கிள், அப்பா இன்னும் உளி வைக்கல. வேற கல்லு பாக்கப் போயிருக்காரு."