ஆறாவது ஸ்டேஷன்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டியிருப்பார்கள். வீட்டு மனிதர்களும் அண்டை அயலாரும் இருபுறமும் நின்று, அறுந்த இழை எங்கே என்று பார்த்துக்கொண்டே நகர்வார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டு நெசவாளப் பெரியவரிடம், "இதற்கு இத்தனை பேர் எதற்கு ஐயா?" என்று கேட்டேன்.

"ஒருத்தன் கண்ணுக்குத் தப்பினது இன்னொருத்தன் கண்ணுலே படும், தம்பி" என்றார்.

சூடான் தேசத்துப் பாலைவனத்தில் நடந்த ஒரு தேடலைப் பற்றிப் படித்தபோது, அந்த வார்த்தைதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

ஆகாயத்திலிருந்து கல் விழுவது நமக்கும் தெரியாத சங்கதியல்ல. 1857 பிப்ரவரி 28-ஆம் தேதி, மதுரைச் சீமையில் ஆங்கிலேயர் 'பார்னல்லி' என்று எழுதிவைத்த ஊரில் இரண்டு கற்கள் விழுந்தன. அந்தக் கற்கள் வரப்போவதை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை. அந்த அதிசயம் 2008-இல்தான் முதன்முதலாக நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தொலைநோக்கியில், சுமார் 4 மீட்டர் அகலமுள்ள சிறு கோள் ஒன்று அகப்பட்டது. ஒரு நாள் கழிவதற்குள் அது வட சூடானின் மேல் வந்து மோதும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். சொன்னபடியே மறுநாள் விடியற்காலையில், நூபியப் பாலைவனத்துக்கு மேலே 37 கிலோமீட்டர் உயரத்தில் அது வெடித்துச் சிதறியது. அத்தனை உயரத்தில் வெடித்த பின்பு தரைக்கு என்ன மிஞ்சப் போகிறது?

மிஞ்சியிருக்கலாம் என்று நம்பினார் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ் என்ற வானியல் அறிஞர். டிசம்பரில் அவர் கார்ட்டூம் சென்றார். கார்ட்டூம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் முவாவியா ஷத்தாத், மாணவரும் ஊழியருமாக 45 பேரைத் திரட்டினார். ஆளற்ற அந்த ரெயில் பாதையில் ஸ்டேஷன்களுக்கு எண்தான் பெயர். 'அல்மஹாத்தா சித்தா', அதாவது ஆறாவது ஸ்டேஷன் என்ற இடத்தில், அன்று வானத்தில் நெருப்பைக் கண்டவர்களிடம் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு வரிசையாக நின்று, கண்ணைத் தரையில் பதித்தபடி நடந்தார்கள். பாலைவனத்தில் கறுப்புக் கல்லுக்குப் பஞ்சமா? அவற்றின் நடுவே, புதிதாகத் தீய்ந்த கறுப்பு ஒரு மாணவரின் கண்ணில் பட்டது!

அந்த மாதமே 47 துண்டுகள் கிடைத்தன. பின்னால் அறுநூற்றுக்கும் மேல் சேர்ந்தன. 80 டன் எடையுள்ள கோளில் தேறியவை மொத்தம் பத்துக் கிலோ சொச்சந்தான். ஆனால் அவற்றுக்குள் நுண்ணிய வைரங்கள் இருந்தன. சூரிய மண்டலத்தின் ஆதிகாலத்தில் உடைந்து மறைந்துபோன ஏதோ ஒரு கிரகத்தின் வயிற்றில் அவை விளைந்திருக்க வேண்டும் என்று 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

2023 ஏப்ரலில் அதே கார்ட்டூமில் போர் மூண்டது. லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அன்று வரிசையில் நடந்த பிள்ளைகளில் யார் எங்கே இருக்கிறார்களோ!

தெருவில் பாவு நீட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அவர்கள் நினைவு வருகிறது. இங்கே ஓர் இழை அறுந்தால், முடிச்சுப் போடப் பத்துப் பேர் குனிகிறார்கள்.