மூன்று தலைமுறை போற்றிய ஆட்டம்

பொருளை வைத்துச் செல்லும் தந்தையர் பலர். விளையாட்டார்வத்தை வைத்துச் செல்வோர் சிலரே. டென்னிஸ் ஆட்டக்காரராகிய டி. கே. இராமநாதன், 1937-இல் பிறந்த தம் மைந்தர் கிருஷ்ணனுக்குத் தாமே ஆசானானார். 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை ஆசியருள் முதன்முதல் வென்றவர் அக்கிருஷ்ணனே. 1960, 1961 ஆகிய ஈராண்டும் அங்கே அரையிறுதி வரை முன்னேறினார். அவர்தம் மைந்தர் ரமேஷ், 1979-இல் அதே இளையோர் பட்டத்தைச் சூடினார். டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் தந்தை 1966-இலும் மைந்தர் 1987-இலும் ஆடினர். கோப்பை இருமுறையும் கிட்டவில்லை, ஆர்வமோ குன்றவில்லை.

அன்பர்களே! பட்டம் வழிவழி வருவதன்று, பழக்கமே வருவது. திருப்பதியில் வாழும் நம் மக்கள் பள்ளியில் தெலுங்கு பயில்கின்றனர். பணி முடிந்து திரும்பும் நாம், மாலையில் அரைமணி நேரம் அவர்களோடு பந்தாடித் தமிழில் உரையாடுவோமாக! ஆட்டமும் மொழியும் ஒருங்கே தழைக்கும்.