விதியும் ஏவலும்: ஒரு சொல்லின் இரு பொருளும் கிள்ளான் தோட்டங்களும்

விதி என்னும் சொல்லை நம் மாணவர் ஒரே நாளில் இரு வேறு பொருளில் கேட்கின்றனர். காலையில் வகுப்பறையில் அது புணர்ச்சி விதி, சாலை விதி, பள்ளி விதி. மாலையில் வீட்டில், வேலை இழந்த உறவினர் ஒருவரைப் பற்றிய பேச்சில், அது 'எல்லாம் விதி'. முன்னதைப் பின்பற்றலாம், மீறவும் செய்யலாம். மீறுவார் இருப்பதனால்தான் அதற்குத் தண்டனை வைக்கப்படுகிறது. பின்னதோ மீற இயலாதது. அதுவே அதன் இலக்கணம். ஒன்றற்கொன்று எதிரான இவ்விரு கருத்தும் ஒரே சொல்லில் எவ்வாறு குடிகொண்டன என்பதையும், அக்குழப்பம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த நம் முன்னோரின் வாழ்வை எவ்வாறு தொட்டது என்பதையும் இவ்வுரையில் காண முற்படுகிறோம்.

வடமொழியில் இச்சொல் 'வகுத்தமைத்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. வகுத்தமைப்பவன் விதாதா, பிரமனுக்கு அது ஒரு பெயர். அவன் வகுத்தது விதி. ஆயினும் இலக்கணிகளும் மீமாம்சை நூலாரும் இச்சொல்லை வேறொரு வழியில் வளர்த்தனர். பாணினி தம் அட்டாத்தியாயியில் ஏவற்பொருள் தரும் வினைவிகுதி ஒன்றன் பொருள்களை அடுக்கும்போது விதி என்பதையே முதலில் வைத்தார். அங்கே விதி என்றால் கட்டளை. வேத வாக்கியங்களுள் 'இதைச் செய்க' என்று ஏவுவன எவை, செய்தி கூறுவன எவை, புகழ்ச்சி எவை என்று பிரித்தறிவதையே மீமாம்சகர் தம் முதற்பணியாகக் கொண்டனர். அறத்தை நமக்கு அறிவிப்பது ஏவல் வாக்கியமே என்பது அவர் துணிபு. கடமை பற்றிய இந்தியச் சிந்தனை இவ்வாறு ஒரு வினைவிகுதியின் ஆராய்ச்சியில் வேரூன்றியிருப்பதை மொழியியல் பயின்றோர் பெருமிதத்தோடு குறிப்பிடுவதில் தவறில்லை.

ஏவலுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. ஏவப்படுவோன் செய்யவும் செய்யாதொழியவும் வல்லவனாயிருத்தல் வேண்டும். ஓடும் ஆற்றை நோக்கி 'ஓடுக' என்று எவரும் விதி செய்வதில்லை. பாணினி வினைமுதலைத் 'தன்வயமுடையவன்' என்றே வரையறுத்தார். அவர் கருதியது வாக்கிய அமைப்பைத்தான், உயிரின் இயல்பையன்று. எனினும் பின்வந்த தத்துவ நூலார் அச்சொல்லின் நிழலிலேயே நின்று வாதிட்டனர். செயல் புரிவது இயற்கை மூலமே, புருடன் வாளா பார்த்திருப்பவன் என்ற சாங்கியரை மறுக்கும் பிரம்ம சூத்திரம், ஆன்மாவே செய்வோன் என்றும், அவ்வாறு கொள்ளாவிடில் சாத்திரத்தின் ஏவல்கள் பயனற்றுப்போம் என்றும் காரணம் காட்டுகிறது. மேலும் சில சூத்திரங்கள் கடந்து, உயிரின் செயலாற்றல் இறைவனிடமிருந்து வருவது என்று கூறிய கையோடு, அவ்விறைவனும் உயிர் செய்த முயற்சியை நோக்கியே இயக்குகிறான் என்ற வரையறையையும் சேர்க்கிறது. சங்கரரும் இராமானுசரும் இப்பகுதிக்கு வெவ்வேறு உரை கண்டனர். அவ்வேறுபாடு தனி உரைக்குரியது.

தமிழில் இக்கருத்துக்குப் பழைய சொற்கள் பல. தொல்காப்பியம் பால்வரை தெய்வம் என்பதைக் குறிப்பிடுகிறது. புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார், பேராற்று நீரின் போக்கில் செல்லும் மிதவையைப்போல் உயிர் முறையின் வழிப்படும் என்கிறார். ஊழ் என்பதன் வினைவடிவம் முதிர்தல், மலர்தல் ஆகிய பொருள்களை உடையது. வள்ளுவரே சொல்வன்மை அதிகாரத்தில் பூங்கொத்து மலர்வதற்கு அதனை ஆள்கிறார். ஊழை எங்கிருந்தோ இறங்கிவரும் ஆணையாகக் கருதாமல், விதைத்தது காலத்தில் முதிர்வதாகக் காணும் பார்வை இச்சொல்லில் உறைந்துள்ளது என்பது நம் கருத்து.

எல்லாம் நியதியே, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று முழுமையாகச் சொன்னவர் ஆசீவகர். மணிமேகலையில் அவர் தரப்பு உரைக்கப்படுகிறது. நீலகேசியில் ஒரு சருக்கமே அவரை மறுப்பதற்கு ஒதுக்கப்பட்டது. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் ஆகிய நான்கும் தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும் இவ்வொரு கொள்கையை ஏற்க மறுத்தன என்பது கருதத்தக்கது.

13ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் பரிமேலழகரின் திருக்குறள் உரையில் நம் சிக்கல் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. நூலின் தொடக்கத்தில் அறம் எதுவென்று கூறுமிடத்து, நூல்கள் விதித்தவற்றைச் செய்தலும் விலக்கியவற்றை ஒழிதலும் என்கிறார். இது மீமாம்சகரின் விதி. 38ஆம் அதிகாரமாகிய ஊழுக்கு முன்னுரை எழுதும்போது, ஊழ், பால், முறை, நியதி முதலிய சொற்களோடு விதியையும் ஒருபொருட் சொல்லாக அடுக்குகிறார். இது விதாதாவின் விதி. ஒரே உரையாசிரியர், ஒரே பால், இரு பொருள். அவர் குழம்பவில்லை, இடமறிந்தே ஆண்டார். குழம்பியவர்கள் பின்வந்தோர்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுப்பது இங்கே நமக்கு உதவும். முன்னர் ஈட்டிக் கிடப்பது சஞ்சிதம், அதில் இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டுவது ஆகாமியம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே, அரசு அலுவலகங்களில் எழுத்தராகப் பணியாற்ற வந்த இலங்கைத் தமிழர் தம்மோடு சித்தாந்தப் பயிற்சியையும் கொணர்ந்தனர். அவ்வட்டாரத்திலேயே 1904இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமத்தின் வழி, நம்மை ஆக்கியவர் நாமே எனில் மாற்றியமைப்பவரும் நாமே என்னும் கர்மயோகக் கருத்தும் பரவியது. நகரத்துப் படித்த தமிழர் இவ்வாறு மூன்றாம் வினையையும் அறிந்திருந்தனர். தோட்டத்துக்குச் சென்றது பெரும்பாலும் இரண்டாம் வினை மட்டுமே. அதுவும் 'தலையெழுத்து' என்ற பெயரில்.

ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதன்பின்னும் தொடர்ந்தது; 1938இல் இந்திய அரசு தடைவிதித்த பிறகே உதவிபெற்று வரும் குடியேற்றம் நின்றது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, கள்ளுக்கடையில் நாளை முடித்த வாழ்வில் துரை, கிராணி, தண்டல், கங்காணி என்ற வரிசை மாறாததாகத் தோன்றியது. 'போன பிறவியில் செய்தது' என்னும் விளக்கம் அவ்வரிசையில் மேலிருந்தோர்க்கு வசதியாகவும் கீழிருந்தோர்க்கு ஓரளவு ஆறுதலாகவும் அமைந்தது. ஆறுதல் என்பதை நாம் இகழவில்லை. குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த தாய்க்கு அச்சொல்லைத் தவிர வேறெதுவும் கிடைக்காத நாள்கள் இருந்திருக்கும்.

1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது, சுயமரியாதை இயக்கம் தலைவிதிக் கொள்கையை நேரடியாகத் தாக்கியது. அதன் பங்கு பெரிது. எனினும் கிள்ளான் தோட்டங்களில் 1941இல் நிகழ்ந்ததை அவ்வொரு காரணத்தால் மட்டும் விளக்க இயலாது.

அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தமிழ் நேசன் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அவர்களை ஒருங்கிணைத்தவருள் முதன்மையானவர். கோரிக்கைகளைப் படிக்கும்போது ஒன்று புலனாகும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம் என்பது அவற்றுள் ஒன்று. கொடுமை செய்யும் கிராணிகளை நீக்குக, பெண்களை இழிவுபடுத்துவதை நிறுத்துக, பிள்ளைகளுக்குக் கல்வி தருக, கள்ளுக்கடைகளை மூடுக என்பன பிற. துரையோ மேலாளரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இருந்தது. கள்ளுக்கடைக் கோரிக்கையை நாம் தனியே கருதுகிறோம். அது முதலாளியிடம் ஒன்றைப் பெறுவதற்கன்று. தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்வதற்கு இடங்கேட்பது. தன்வயமுடையோன் என்ற பாணினியின் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

சைக்கிளைவிட்டு இறங்குபவனை நினைக்கும்போது சிவிகை சுமப்பவனும் நினைவுக்கு வருகிறான். அறன் வலியுறுத்தல் அதிகாரத்து 37ஆம் குறளை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் பலர் தடுமாறுவதை நாம் அறிவோம். அறத்தின் பயன் இதுவென்று நூல்கொண்டு உணர்த்தவேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் ஊர்பவனையும் கண்டே அறியலாம் என்பது பரிமேலழகர் உரை. சுமப்பவனையும் ஊர்பவனையும் காட்டி 'இதுவே அறநெறி' என்று கூறாதே என்று விலக்காகக் கொள்வோரும் உளர். இரண்டாவது நம் நெஞ்சுக்கு இனியது. ஆனால் இலக்கணம் எளிதில் இடந்தருவதில்லை. விலக்குவதற்கு வள்ளுவர் பெரும்பாலும் 'அற்க' ஈற்றையே ஆள்கிறார். 'வேண்டா' என்பதை மழித்தலும் நீட்டலும் பற்றிய குறளிற்போல 'தேவையில்லை' என்ற பொருளில் வழங்குகிறார். வினையளவில் பரிமேலழகர் பக்கமே வலிது. பெயரளவில் அப்படியன்று. 'ஆறு' என்றால் வழி. அதற்குப் 'பயன்' என்று பொருள்கொள்ள அவர் தனியே காரணம் கூறவேண்டியிருந்தது. சுமப்பவன் முற்பிறப்பில் அறம் செய்யாதவன் என்ற செய்தி குறளின் சொற்களில் இல்லை, உரை நிரப்பியது.

உரையை அப்படியே ஏற்போம். அப்போதும் அது விளக்குவது சுமப்பவனின் பிராரத்தத்தை மட்டுமே. ஊர்பவன் இன்று அவன் தோளில் ஏறியமர்வது எவ்வினை? அது ஆகாமியம், இப்போது, இவனால், புதிதாக ஈட்டப்படுவது. வினைக்கொள்கையை முழுமையாகக் கற்பித்தால் கேள்வி மேலே அமர்ந்திருப்பவனை நோக்கித்தான் திரும்பும். பாதியளவு கற்பித்ததனால்தான் அது தோட்டத்தில் துரைக்குத் துணைநின்றது. ஏவல் முன்னிலையானோடு பேசுகிறது. 'அவன் விதி' என்பது படர்க்கையானைப் பற்றிப் பேசுகிறது. தொழிலாளியைப் பற்றி எல்லோரும் படர்க்கையிலேயே பேசிக்கொண்டிருந்த காலத்தில், 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைகள் தன்மையில் எழுதப்பட்டன.

இதே இரட்டைப் பொருள் முழுவதும் தமிழாகிய வேறொரு வினையிலும் உண்டு. 'விபத்து நேர்ந்தது' என்கிறோம்; அங்கே நாம் செய்தது ஒன்றுமில்லை, நம்மேல் வந்து விழுந்தது. 'மகன் பிழைத்தால் பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டாள்' என்கிறோம். அங்கே ஒருத்தி தானே விரும்பித் தன்மேல் ஒரு கடனை ஏற்றிக்கொள்கிறாள், வேறெவரும் அதை அவள்மேல் சுமத்த இயலாது. நேர்தல் என்ற வினை இரண்டிற்கும் ஒன்றே. பின்னதில் 'கொள்' என்னும் துணைவினை சேர்ந்திருக்கிறது.